பிள்ளைகளோடு ஒரு மியூசியம், பிள்ளைகளுக்காக ஒரு தெரு

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கணவருக்கு ஜூன் மாதத்திலிருந்து கிண்டிக்கு மாற்றல். மகளுக்கு ஏழு வயது. மகனுக்கு மூன்று முடிந்திருக்கிறது. மே மாதம் நான்கு நாள் சென்னைக்கு வந்து வாடகை வீடு பார்க்கப் போகிறோம். அப்படியே பிள்ளைகளை எழும்பூர் மியூசியத்துக்கும் அழைத்துப் போகலாமா? இந்த வயதில் அவர்களுக்கு என்ன புரியும்? பிள்ளைகளுக்கு ஏற்ற பகுதி என்பதை எதைப் பார்த்து முடிவு செய்வது? உறவினர்கள் ஆளுக்கொரு ஏரியாவைச் சொல்லிக் குழப்புகிறார்கள்.
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, வீடு பார்க்கும் அலைச்சலுக்குப் பரிசாக மியூசியத்தைக் கடைசி நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று நாள் மே மாத வெயிலில் யார் யார் வீட்டு மாடிப்படியையோ ஏறி இறங்கிய பிள்ளை, நான்காம் நாள் எந்தச் சிலையையும் நிமிர்ந்து பார்க்காது. அதேபோல, நெல்லை எக்ஸ்பிரஸ் வந்து நிற்கிற எழும்பூர் நிலையத்திலிருந்து மியூசியம் பக்கம்தானே என்று இறங்கிய அன்றே போய்விடவும் வேண்டாம். இரவெல்லாம் பெர்த்தில் புரண்ட பிள்ளைகளுக்கு அன்று தூக்கம்தான் தேவை. இரண்டாம் நாள் காலையை ஒதுக்குங்கள், அது வெள்ளிக்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைகளில் மியூசியத்துக்கு விடுமுறை. காலை ஒன்பதரைக்குத் திறக்கும்போது உள்ளே நுழைந்து பதினொன்றரைக்கு வெளியே வந்துவிட்டால் வெயிலும் பசியும் உங்களை முந்தாது.

இந்த மியூசியத்துக்குப் பழைய சென்னைவாசிகள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. 1851-ல் இது தொடங்கியது அன்றைய கல்லூரி ஒன்றின் கட்டடத்தில்; பாந்தியன் சாலைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். முதல் பொறுப்பாளரான எட்வர்ட் பால்ஃபர் இங்கே உயிருள்ள விலங்குகளையும் வைத்து வளர்த்தார், அதுவே பின்னாளில் தனி விலங்குக்காட்சி சாலையாகப் பிரிந்து ‘உயிர் காலேஜ்’ ஆயிற்று. பிள்ளைகளிடம் ஆண்டுகளைச் சொல்ல வேண்டாம். இந்த இரண்டு பெயர்களை மட்டும் சொல்லுங்கள், வாசலிலேயே சிரித்துவிடுவார்கள்.

அடுத்து, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தைச் சீட்டு வாங்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஒரே வளாகத்துக்குள் பல கட்டடங்களாகப் பரந்து கிடக்கும் இடம் அது. பெரியவர்களாலேயே ஒரு நாளில் முடியாது. சில கூடங்கள் பராமரிப்புக்காக மூடியிருக்கலாம் என்பதால் எது திறந்திருக்கிறது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, மூன்று பொருட்களை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு என்று நான் தேர்ந்தெடுத்தால் அந்த மூன்று இவையாக இருக்கும்.

முதலாவது, ஆதிச்சநல்லூர்ப் பொருட்கள். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்குப் போகும் வழியில் பஸ் ஜன்னலில் நீங்கள் பலமுறை கடந்திருக்கக்கூடிய அந்தப் பரம்பில், 1899-லிருந்து சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்பவர் அகழாய்வு செய்து எடுத்த தாழிகளும் இரும்புக் கருவிகளும் வெண்கலக் கலங்களும் சென்னைக்குத்தான் வந்து சேர்ந்தன. இறந்தவர்களை மண்தாழியில் வைத்துப் புதைத்தார்கள் என்பதை ஏழு வயதுப் பெண்ணுக்குச் சொல்லலாமா என்று நீங்கள் தயங்குவீர்கள். தாராளமாகச் சொல்லலாம். ‘நம்ம ஊர் ஆற்றங்கரையில் கிடைத்தது’ என்ற ஒரு வார்த்தை போதும், ஊரை விட்டு வருகிற பிள்ளைக்கு இந்தப் பெரிய நகரத்தில் தெரிந்த முகம் ஒன்று கிடைத்ததுபோல் இருக்கும்.

இரண்டாவது, வெண்கலக் கூடத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசர். இங்கே விளக்கம் சொல்லாதீர்கள், வேலை கொடுங்கள். மகளை வலக்காலில் நின்று இடக்காலை மடித்துத் தூக்கச் சொல்லுங்கள். நான்கு வினாடிக்குள் ஆடிப்போவாள். பிறகு, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக இவர் எப்படி ஆடாமல் நிற்கிறார் என்று கேளுங்கள், அவளே குனிந்து காலடியில் முயலகனைக் கண்டுபிடிப்பாள். கோயில்களிலும் காலண்டர்களிலும் பார்த்த நடராசருக்கு இருக்கிற எது இவருக்கு இல்லை என்பது அடுத்த கேள்வி. சுற்றிலும் இருக்க வேண்டிய நெருப்பு வளையம் இவருக்கு இல்லை. அதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும், நீங்கள் முந்திக்கொள்ளக் கூடாது. அன்று இரவு தங்கும் இடத்தில் ஒரு மெழுகுவத்தித் துண்டைக் கையில் கொடுத்து, இதுபோல மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசிக் காயவைத்து, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில்தான் உலோகத்தை ஊற்றினார்கள் என்று சொன்னால், பார்த்தது மனத்தில் தங்கும்.

மூன்றாவது, மகனுக்காக, விலங்கியல் பகுதியில் இருக்கும் திமிங்கில எலும்புக்கூடு. இதற்கு எந்த முன்னுரையும் வேண்டாம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எத்தனை அடி வைத்தால் போய்ச் சேரலாம் என்று அவனை எண்ணிக்கொண்டே நடக்கவிடுங்கள்.

நேரம் மிஞ்சினால் ஒரு கைக்கோடரியைத் தேடிப் பாருங்கள். 1863 மே மாதத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்துச் சரளைக்கல் குழி ஒன்றில் மனிதன் செதுக்கிய கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுப்பை 1904-ல் அரசு விலைக்கு வாங்கி இந்த மியூசியத்தில் வைத்தது. மறுநாள் நீங்கள் வீடு பார்க்கப் பல்லாவரம் போவதாக இருந்தால், ‘அந்தக் கல் கிடைத்த ஊர்’ என்று சொல்லி எலக்ட்ரிக் டிரெயினில் அழைத்துப் போகலாம். வீடு பார்ப்பதில் பிள்ளைகளுக்கும் ஒரு காரியம் இருந்ததாக ஆகும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ‘நல்ல ஏரியா’ என்று உறவினர்கள் சொல்வது பெரும்பாலும் அவரவர் குடியிருக்கும் ஏரியா. அதில் தவறில்லை, ஆனால் அவர்கள் பார்ப்பது ஐந்தரை அடி உயரத்திலிருந்து. மூன்று வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 95 சென்டிமீட்டர். நகரங்களைச் சிறுபிள்ளைகளுக்கு ஏற்றவையாக மாற்றுவதற்கு நெதர்லாந்தின் பெர்னார்ட் வான் லியர் அறக்கட்டளை தொடங்கிய திட்டத்துக்கு ‘அர்பன்95’ என்று பெயர் வைத்ததே இதனால்தான். வீடு பிடித்துப்போனால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தத் தெருவில் ஒருமுறை குந்தி உட்கார்ந்து பாருங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அந்த உயரத்தில் ஓரமாக நிறுத்தியிருக்கும் கார் ஒரு சுவர், அதற்குப் பின்னாலிருந்து வரும் ஸ்கூட்டர் தெரியவே தெரியாது. இரு சக்கர வண்டிகளின் சைலன்சர் உங்கள் மகனின் முகத்துக்கு அருகில் இருக்கும். கதவு திறந்து கிடக்கும் மின்சாரப் பெட்டி அவன் கைக்கு எட்டும். மூடி இல்லாத வடிகால் பள்ளம், நமக்கு ஒரு தாண்டல், அவனுக்குக் குழி.

நடைபாதைக்கு வருவோம். இந்திய சாலைக் கழகம் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டி, தடையின்றி நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும் என்றும் நடைமேடையின் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்றும் சொல்கிறது. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதலிடம் தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதன்படி அமைந்த நல்ல தெருக்கள் நகரத்தில் இருக்கின்றன, ஆனால் எல்லாத் தெருவும் அப்படியில்லை. டேப் எல்லாம் வேண்டாம். நீங்கள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் மகளும் நடக்க, மூன்று பேரும் ஒரு வரிசையில் போக முடிகிறதா என்று பார்த்தால் போதும். முடியாமல் ஒருவர் சாலையில் இறங்க வேண்டியிருந்தால், தினமும் இரண்டு வேளை பள்ளிக்குப் போகும் வழியில் அதையேதான் செய்யப் போகிறீர்கள்.

எப்போது போகிறீர்கள் என்பதும் முக்கியம். புரோக்கர் காட்டுவது காலை பதினொரு மணிக்கு, தெரு உறங்கும் நேரம். நீங்கள் மாலை ஐந்தரைக்கு ஒருமுறையும் இரவு எட்டு மணிக்கு ஒருமுறையும் தனியாகப் போய்ப் பாருங்கள். மே மாதம் பள்ளி விடுமுறை. ஐந்தரை மணிக்குத் தெருவில் ஒரு பிள்ளைகூட விளையாடவில்லை என்றால், அங்கே பிள்ளைகளே இல்லை அல்லது வெளியே விடப் பயப்படுகிறார்கள் என்று பொருள். எதுவாக இருந்தாலும் அது உங்களுக்கான தெரு அல்ல. தெரு முனையில் இஸ்திரி போடுகிறவர், பூ விற்கிற அம்மா, மாவு அரைக்கும் கடைக்காரர் ஆகியோரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். எந்த வீட்டில் என்ன வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள், எந்த நாய் துரத்தும், எந்த நேரத்தில் லாரி வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பின்னாளில் உங்கள் மகள் தனியாகக் கடைக்குப் போகும்போது அவளைக் கண்ணால் பின்தொடரப் போகிறவர்களும் அவர்களே.

மே மாதத்தில் வீடு பார்க்கிறவர்கள் மறப்பது மழையை. நானே அப்படி ஏமாந்திருக்கிறேன். ஏப்ரலில் பார்த்துப் பிடித்துப்போய்க் குடியேறிய ஒரு வீட்டில், நவம்பர் இரண்டாம் வாரம் தெருவே குளமாகி, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு முக்கிய சாலை வரை நடந்தோம். அந்த வீட்டின் சுற்றுச்சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடியதை நான் ஏப்ரலிலேயே பார்த்திருந்தேன். பழைய பெயின்ட் என்று நினைத்துக்கொண்டேன். ஆகவே சுவரில் கோடு தெரிகிறதா, மின் மீட்டர் பெட்டியை அண்மையில் உயர்த்தி வைத்திருக்கிறார்களா, தெருவை உயர்த்தியதில் வீட்டு வாசல் பள்ளமாகிவிட்டதா என்று பாருங்கள். ‘இங்கே தண்ணீர் நிற்குமா?’ என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் ‘நிற்காது’ என்றுதான் பதில் வரும். ‘2015 டிசம்பரில் எதுவரை வந்தது, 2023 டிசம்பர் புயலில் எத்தனை நாள் கரன்ட் இல்லை?’ என்று எதிர்வீட்டாரிடம் கேளுங்கள்.

கிண்டி அலுவலகத்தை வைத்துப் பார்த்தால், நான் முதலில் கே.கே. நகர், அசோக் நகர்ப் பக்கம் பார்க்கச் சொல்வேன். திட்டமிட்டு மனை பிரித்த பகுதி என்பதால் தெருக்கள் நேராக இருக்கும்; கே.கே. நகரில் சிவன் பூங்கா இருக்கிறது. அசோக் நகரிலிருந்து ஆலந்தூரில் மாறி மெட்ரோவில் கிண்டிக்குப் போகலாம். வாடகை கையைக் கடித்தால் நங்கநல்லூர். கிண்டிக்கு மெட்ரோவில் இரண்டே நிலையம், கோயில்களும் கடைத்தெருவும் நடந்து போகும் தூரம். ஆனால் அங்கே மேடு எது, பள்ளம் எது என்று தெருத்தெருவாக விசாரிக்க வேண்டும். வேளச்சேரியில் வசதிகள் ஏராளம், இருந்தும் ஏரிக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் அருகில் தரைத்தள வீடு என்றால் நான் எடுக்கமாட்டேன். பல்லாவரத்தில் ஒரே கேள்விதான்: வண்டிகள் ஓயாத ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையின் ஒரே பக்கத்தில் வீடும் பள்ளியும் இருக்கின்றனவா? எதிரெதிர்ப் பக்கமாக இருந்தால் வேறு வீடு பாருங்கள்.

கேள்வி: ஆறு வயதுப் பேரனை இரண்டு முறை மியூசியத்துக்கு அழைத்துப் போனேன். இருபது நிமிடத்தில் ‘தாத்தா, வீட்டுக்குப் போகலாம்’ என்கிறான். கட்டாயப்படுத்திப் பார்க்க வைப்பதா, விட்டுவிடுவதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பத்தூர்

பதில்: ஐயா, நீங்கள் ஆசிரியராக இருந்தவர் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் நின்று உரக்கப் படித்தீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்! இருபது நிமிடம் என்பது ஆறு வயதுக்குக் குறைவான நேரம் அல்ல. அந்த இருபது நிமிடத்தில் அவன் எதன் முன்னால் அதிக நேரம் நின்றான் என்பதை மட்டும் கவனித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை நேராக அங்கே போய், அதை மட்டும் பார்த்துவிட்டு, வளாகத்து மரத்தடியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுவிட்டு வந்துவிடுங்கள். தொலைவிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் கொடுத்த காசுக்கும் வந்த தூரத்துக்கும் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம். உள்ளூரில் இருக்கும் உங்களுக்கு அது எதற்கு?

சத்தம் போடாதே, தொடாதே, ஓடாதே என்று சொல்ல வேண்டிய கூடங்களை ஒரு வருடம் தள்ளிப்போட்டாலும் குற்றமில்லை. உங்கள் ஊரிலிருந்து வில்லிவாக்கம் மூன்றே நிலையம், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகே 2002-ல் திறந்த ரயில் மியூசியத்தில் பழைய நீராவி எஞ்சின்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. அங்கே பேரன் ஓடலாம், கத்தலாம், எஞ்சின் சக்கரம் தன்னைவிட உயரமா என்று முதுகை ஒட்டி நின்று அளந்து பார்க்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதியில் நடுவே ஒரு செயற்கை மரம் இருக்கிறது, அதன் அடியில் உட்கார்ந்து படிப்பதற்கென்றே வரும் பிள்ளைகள் உண்டு. பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம் இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடத் தோன்றும். வேண்டாம், ஒரு நாளுக்கு ஒன்று.

கேள்வி: ஓ.எம்.ஆர். சாலையில் நீச்சல் குளம், விளையாட்டு மைதானம் எல்லாம் உள்ள பெரிய அடுக்குமாடி வளாகம் ஒன்றில் வீடு வாங்குவதா, அதே பணத்துக்கு மந்தைவெளியில் பழைய கட்டடத்தில் சிறிய வீடு வாங்குவதா என்று எனக்கும் கணவருக்கும் தினமும் வாக்குவாதம். குழந்தைக்கு இரண்டு வயது.
– ஒரு வாசகி, சென்னை

பதில்: இரண்டு வயதுக்கு வளாகம் நல்லது, பன்னிரண்டு வயதுக்கு மந்தைவெளி நல்லது. வீடு வாங்கினால் இரண்டு வயதும் அங்கேதான், பன்னிரண்டு வயதும் அங்கேதான் என்பதால் என் வாக்கு மந்தைவெளிக்கு. உங்களில் யார் அந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது, அதனால் நான் யார் கட்சியும் இல்லை.

வாசலில் காவலாளியும் உள்ளே வண்டி வராத பாதையும் உள்ள வளாகத்தில், நடை பழகும் குழந்தையைக் கையை விட்டு நடக்கவிடலாம். ஒரே வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் மாலையில் கூடுவார்கள். இந்த நிம்மதியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதே பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது, ஒரு பென்சில் வாங்கவோ நண்பன் வீட்டுக்குப் போகவோ வளாகத்துக்கு வெளியே கால் வைத்தால், நேரே ஆறு வழிச் சாலை. எல்லாவற்றுக்கும் அப்பாவின் காரை எதிர்பார்த்து நிற்க வேண்டும். மந்தைவெளியிலோ லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவும் மயிலாப்பூர்த் தெப்பக்குளமும் பறக்கும் ரயில் நிலையமும் நடையிலேயே எட்டிவிடும். பூங்காவில் விளையாடும்போது தன் பள்ளியில் படிக்காத, தன் அப்பாவைப் போல் வேலை பார்க்காதவர்களின் பிள்ளைகளோடும் ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை எந்தத் தனியார் விளையாட்டு மைதானத்திலும் கிடைக்காது. பழைய கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறதா, மெட்ரோ வாட்டர் வருகிறதா, கட்டடம் நிற்கும் மனையில் உங்கள் பங்குக்கு வரும் பிரிபடாத நிலம் எவ்வளவு என்பவற்றை மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

உங்கள் கணவரோ நீங்களோ வளாகம்தான் என்று உறுதியாக நின்றால், ஒன்றை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் இப்படிக் கட்டுகிறவர்கள், அதில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று அதைச் சொல்வார்கள். விளம்பரப் படத்தில் ‘உங்கள் குழந்தைகளுக்கான பிரத்யேகப் பூங்கா’ என்று காட்டுவது சில இடங்களில் இந்தப் பொது நிலமாகவே இருக்கும். அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய், அதன் கதவு தெருப் பக்கம் திறந்திருக்கிறதா, வளாகத்தின் பக்கம் மட்டும் திறந்து தெருப் பக்கம் பூட்டுத் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.